எல்க்குக்கு மேக்னம்தான் வேண்டுமா? தோள் அறுவை சிகிச்சை முடித்த ஒரு வாசகிக்கு

கொலராடோவிலிருந்து ஒரு வாசகி நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். வயது 38. உயரம் 157 செ.மீ., எடை 55 கிலோ. பதினான்கு மாதங்களுக்கு முன் வலது தோளில் ரொட்டேட்டர் கஃப் (தோள் மூட்டைச் சுற்றிப் பிடித்திருக்கும்) தசைநார் கிழிந்து, அறுவை சிகிச்சை செய்து தைத்திருக்கிறார்கள். கணவர் எச்-1பி விசாவில், இவர் எச்-4 விசாவில். எட்டு வயதிலும் ஐந்து வயதிலும் இரண்டு பிள்ளைகள். பக்கத்து வீட்டுப் பெரியவர் முப்பது வருடமாக வேட்டைக்குப் போகிறவர். அவர் தந்த எல்க் (வட அமெரிக்காவின் பெரிய மான்வகை) இறைச்சியைச் சமைத்துச் சாப்பிட்டதில் ஆரம்பித்த ஆசை, இந்த அக்டோபரில் ஒரு மானுக்கும் ஒரு பெண் எல்க்குக்கும் தானே போக வேண்டும் என்ற முடிவில் வந்து நிற்கிறது. வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து அட்டையும் வாங்கிவிட்டார்.

சிக்கல் சுட்டுப் பழகும் ரேஞ்சில் தொடங்கியது. பெரியவர் தன் 300 வின்செஸ்டர் மேக்னம் என்ற சக்திவாய்ந்த ரைஃபிளைக் கையில் கொடுத்திருக்கிறார். மூன்றே குண்டு. மூன்றாவதில் கண்ணை இறுக மூடிக்கொண்டதாக அவரே எழுதுகிறார். தோளில் ஊதா நிறத்தில் கன்றிப்போன இடம் ஆற பத்து நாள் ஆனது. "எல்க் என்றால் இது இல்லாமல் முடியாது, பழகிவிடும்" என்கிறார் பெரியவர். கணவரோ அதே 300-ஐ எடை குறைந்த ஆறு பவுண்டு ரைஃபிளாக வாங்கி, குழல்முனையில் அடியைக் குறைக்கும் மஸில் பிரேக் போட்டுவிடலாம் என்கிறார். 243, 6.5 கிரீட்மூர், 7எம்எம்-08, 308 என்று காலிபர்களை, அதாவது தோட்டா வகைகளை, படித்துப் படித்துக் குழம்பிவிட்டாராம். என் தோள் தாங்குமா, சின்னக் காலிபரால் சுட்டால் விலங்கைச் சித்திரவதை செய்ததாகிவிடுமா என்பது அவருடைய கேள்வி.

அன்புச் சகோதரிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். நான் தோள், முழங்கால் பார்க்கிற எலும்பு மூட்டு மருத்துவர். பல வருடமாக எல்க் வேட்டைக்கும் போகிறேன். என் இரண்டாவது வருடத்தில் இரவல் வாங்கிய ஒரு 300 மேக்னத்தோடு காட்டில் நின்றேன். 140 கஜத்தில் ஒரு பெண் எல்க், முழுப் பக்கவாட்டில், அசையாமல். அதைவிட எளிய குறி கிடைக்காது. ஆனால் விசையை இழுக்கும் அந்தக் கணத்தில், துப்பாக்கி பின்னுக்குத் தோளில் அடிக்கப்போகும் உதையை நினைத்து என் உடம்பு சுருங்கிக்கொண்டது. குண்டு நெஞ்சைத் தவறவிட்டு வயிற்றில் போனது. அன்று இருட்டும் வரையிலும், மறுநாள் முழுவதும் ஆஸ்பென் மரச் சருகுகளில் ரத்தத்துளி தேடி நடந்தோம். கிடைக்கவில்லை. அந்த விலங்கு எப்படிச் செத்திருக்கும் என்பது ஒரு மருத்துவராக எனக்குத் தெரியும். இன்றும் அதை நினைத்தால் மனம் கூசுகிறது.

சித்திரவதை சின்னக் காலிபரால் வருவதில்லை, சகோதரி. குண்டு தவறான இடத்தில் விழுவதால் வருகிறது. நுரையீரல் இரண்டையும் துளைத்துச் செல்லும் நடுத்தரக் குண்டில் எல்க் சில நொடிகளில் சாய்ந்துவிடும். வயிற்றில் பட்ட மேக்னம் குண்டு அதை மணிக்கணக்கில் வதைக்கும். மூன்றாவது குண்டில் நீங்கள் கண்ணை மூடிக்கொண்டீர்களே, அதைக் கோழைத்தனம் என்று நினைக்காதீர்கள். ஃபிளின்ச் என்று இங்கே சொல்கிற அது, அடி வாங்கிய உடம்பு தானாகக் கற்றுக்கொள்ளும் தற்காப்பு. தொடர்ந்து அடி விழுந்தால் உடம்பு அதை இன்னும் நன்றாகக் கற்றுக்கொள்ளும். "பழகிவிடும்" என்று பெரியவர் சொன்னதில் நான் மாறுபடுவது இங்கேதான்.

துப்பாக்கியைத் தொடும் முன் ஒரு சட்ட விஷயம்

நீங்கள் கேட்காததைச் சொல்கிறேன். காலிபரைவிட இது அவசரம். நான் வழக்கறிஞர் இல்லை. ஆனாலும் தெரிந்துகொண்டு சொல்லாமல் இருக்க முடியவில்லை.

அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, எச்-1பி, எச்-4 போன்ற குடியேற்றமல்லாத விசாவில் இருப்பவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது. சில விலக்குகள் உண்டு. அவற்றில் உங்களுக்குப் பொருந்துவது, ஏதாவது ஒரு மாநிலம் முறைப்படி வழங்கிய, காலாவதியாகாத வேட்டை உரிமம் உங்கள் பெயரில் இருப்பது. பாதுகாப்பு வகுப்பு அட்டையே போதும் என்று நினைத்திருக்கிறீர்கள். போதாது. அந்த அட்டை உரிமம் வாங்குவதற்கான தகுதி மட்டுமே. கணவரின் உரிமமும் உங்களைக் காக்காது. ஆளுக்கு ஒன்று வேண்டும். "வைத்திருப்பது" என்பதற்குச் சொந்தமாக வாங்குவது என்று மட்டும் பொருளில்லை. ரேஞ்சில் இன்னொருவர் துப்பாக்கியைக் கையில் பிடிப்பதும் அதில் அடங்கலாம். மீறினால் 15 வருடம் வரை சிறை என்று 2022-ல் சட்டத்தைக் கடுமையாக்கினார்கள். விசாவுக்கு வரும் ஆபத்து தனி.

பயப்படச் சொல்லவில்லை. உரிமம் கைக்கு வரும்வரை இனி எந்தத் துப்பாக்கியையும் தொடாதீர்கள். கொலராடோவில் பெரிய விலங்குகளுக்கான உரிமக் குலுக்கலில் விண்ணப்பிக்கவே முதலில் சிறுவிலங்கு உரிமம் போன்ற ஒன்றை வாங்கியாக வேண்டும். அதை இன்றே வாங்கினால் இரண்டு காரியமும் ஒன்றாக முடியும். அது காலாவதியாகும் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள், ஏனென்றால் உரிமம் முடிந்த மறுநாள் வீட்டிலிருக்கும் ரைஃபிள் மறுபடி சிக்கலாகும். நடந்து முடிந்த அந்த ரேஞ்ச் நாளைப் பற்றி ஒரு குடியேற்ற வழக்கறிஞரிடம் ஒருமுறை பேசிவிடுங்கள்.

வீட்டில் பிள்ளைகள் இருப்பதால் பூட்டும் பெட்டியும் வேண்டும். 2021 முதல் கொலராடோவில் அது சட்டம். சட்டமே இல்லாவிட்டாலும் ஐந்து வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதற்கு மாற்று கிடையாது.

உங்கள் தோள் தாங்குமா?

தைத்த தசைநார் எலும்போடு ஒட்ட ஏறக்குறைய மூன்று மாதம் ஆகும். பழைய வலிமை திரும்ப ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம். பதினான்கு மாதம் ஆன, வலியில்லாமல் கையைத் தலைக்கு மேல் தூக்க முடிகிற தோள் மிதமான உதையைத் தாங்கும் என்பது என் கணிப்பு. ஆனால் உங்கள் தோளை நான் தொட்டுப் பார்க்கவில்லை. அறுவை சிகிச்சை செய்தவரிடம் "ரைஃபிள் சுடப் போகிறேன்" என்று பளிச்சென்று சொல்லுங்கள். வெட்கப்பட்டுக்கொண்டு "லேசான விளையாட்டு" என்று சொல்லாதீர்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி, முன்கையை வெளிப்பக்கம் தள்ளும் வலிமை இரண்டு தோளிலும் ஏறக்குறைய சமமாக இருக்கிறதா என்று சோதிக்கச் சொல்லுங்கள்.

பத்து நாளில் ஆறிய கன்றல் என்னைக் கவலைப்படுத்தவில்லை. இனிச் சுட்ட பிறகு இவற்றில் ஏதாவது வந்தால்தான் கவலை: இரண்டு நாளைத் தாண்டியும் குறையாத வலி, இரவில் அந்தப் பக்கம் படுக்க முடியாத வலி, கையைத் தூக்கும்போது பலவீனம், கையில் மரத்துப்போகும் உணர்வு. கடைசியாகச் சொன்னது நரம்பு அடிபட்டதற்கான அறிகுறியாக இருக்கலாம், தள்ளிப்போட வேண்டாம். ரத்தம் உறையாமல் இருக்க மருந்து சாப்பிடுகிறீர்கள் என்றால் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

தோளில் பதிக்கும் துப்பாக்கிக் கட்டை எங்கே உட்கார்ந்தது என்றும் யோசித்துப் பாருங்கள். காரை எலும்புக்குக் கீழே, மார்புத் தசைக்கும் தோள் உருண்டைக்கும் நடுவில் ஒரு குழிவு இருக்கிறது. கட்டை அங்கே பதிய வேண்டும். கை நீளத்துக்கு மிஞ்சிய கட்டை என்றால் அது வெளிப்பக்கம் வழுக்கி, தோள் உருண்டையின் மேல், அதாவது உங்கள் தையலுக்குப் பக்கத்தில் போய் முட்டும். கடையில் கிடைக்கும் பெரும்பாலான ரைஃபிள்களில் விசையிலிருந்து கட்டையின் முடிவு வரை 13.5 அங்குலத்துக்கு மேல் இருக்கும். உங்கள் உயரத்துக்கு 12.5 அல்லது 13 அங்குலம்தான் பொருந்தும். பெரியவரின் ரைஃபிள் அவர் உடம்புக்கானது. உங்களை அது இரண்டு விதத்தில் தண்டித்திருக்கிறது.

உதையைக் கணக்காகப் பார்த்தால்

குறிபார்க்கும் தொலைநோக்கியான ஸ்கோப்போடு சேர்த்து 7.5 பவுண்டு எடையுள்ள, அதாவது 3.4 கிலோ ரைஃபிள் என்று வைத்துக்கொள்வோம். 100 கிரெயின் (குண்டின் எடையைச் சொல்லும் சிறு அலகு) குண்டு போட்ட 243 ஏறத்தாழ 9 அடி-பவுண்டு (ஆற்றலை அளக்கும் அலகு) உதைக்கும். 140 கிரெயினில் 6.5 கிரீட்மூர் 12.5 அளவில், 7எம்எம்-08 14 அளவில். 165 கிரெயின் 308-க்கு 17. 180 கிரெயின் போட்ட 30-06 21, அதே குண்டெடையில் 300 மேக்னம் 28. நீங்கள் வாங்கிய அடி 7எம்எம்-08-ஐப் போல இரண்டு மடங்கு, 243-ஐப் போல மூன்று மடங்கு.

இப்போது கணவரின் யோசனைக்கு வருவோம். அக்கறையோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் எடை பற்றிய எண்ணம் தலைகீழாக இருக்கிறது. துப்பாக்கி லேசாக ஆக, உதை கூடும். அதே 300-ஐ ஆறு பவுண்டில் வாங்கினால் உதை 35-ஐத் தொடும். மஸில் பிரேக் அதில் 40 சதவீதத்தைக் குறைத்தாலும் மிஞ்சுவது 21. 30-06-இன் முழு உதை. அதோடு பிரேக் வெடிச்சத்தத்தைப் பின்னாலும் பக்கவாட்டிலும் திருப்பிவிடும். வேட்டை ரைஃபிளின் சத்தம் சாதாரணமாகவே 160 டெசிபல் அளவில் இருக்கும். காது நரம்பு நிரந்தரமாகக் கெட 140 போதும். மலையில் எல்க் திடீரென்று எதிரில் வந்து நிற்கும்போது காதடைப்பானைத் தேட நேரம் இருக்காது. தோளைக் காப்பாற்றிக் காதைக் கொடுக்கும் வியாபாரம் வேண்டாம். பிரேக் இல்லாமலே தாங்கக்கூடிய காலிபரை எடுங்கள். வெடிச்சத்தத்தை நன்றாக அடக்கும் மின்னணுக் காதடைப்பானைக் கழுத்தில் மாட்டியே நடங்கள்.

எந்தக் காலிபர்?

கொலராடோ விதி என்ன கேட்கிறது என்று பார்த்தால் பெரியவரின் "முடியாது" ஆட்டம் காணும். எல்க்குக்குக் குறைந்தது 24 காலிபர், அதாவது 6 மி.மீ.; 85 கிரெயினுக்குக் குறையாத, பட்டதும் விரியும் குண்டு; 100 கஜத்தில் 1,000 அடி-பவுண்டு ஆற்றல். மானுக்கு 70 கிரெயின் போதும். நீங்கள் பட்டியலிட்ட நான்கும் இதைத் தாண்டுகின்றன.

243 மானுக்கு அருமையானது. மான் மட்டும்தான் என்றால் அதை எடுத்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்குங்கள் என்றிருப்பேன். ஆனால் பெண் எல்க் 225 கிலோ இருக்கும். அது முழுப் பக்கவாட்டில் நின்றால் 243 நுரையீரலைத் துளைக்கும். சற்றுத் திரும்பி நின்றால், தோள் எலும்பில் பட்டுவிட்டால், குண்டு உள்ளே போதிய ஆழம் போகாமல் நின்றுவிடலாம். அனுபவசாலிகள் அந்தக் கோணத்தில் சுடாமல் காத்திருப்பார்கள். முதல் தடவை, கை நடுங்கிக்கொண்டிருக்கும்போது, அந்தப் பொறுமையை உங்களிடம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. எனவே எல்க்குக்கு 243 வேண்டாம்.

308 நல்ல காலிபர்தான், எங்கும் தோட்டா கிடைக்கும். குறை-உதைப்புத் தோட்டாவும் விற்கிறார்கள். ஆனால் முழுத் தோட்டாவின் 17 உங்கள் தோளுக்கு எல்லைக்கோடு. 7எம்எம்-08, 308-இன் பித்தளை உறையின் கழுத்தைச் சுருக்கி உருவானது. 1980-ல் சந்தைக்கு வந்தது. உதை குறைவு, எல்க்கிடம் செய்யும் வேலையில் பெரிய வித்தியாசம் இல்லை. 140 கிரெயின் குண்டு 300 கஜத்திலும் ஏறத்தாழ 1,500 அடி-பவுண்டு வைத்திருக்கும். நீங்கள் அவ்வளவு தூரம் சுடப்போவதே இல்லை.

6.5 கிரீட்மூரை "காகிதத்தில் துளை போடும் காலிபர்" என்று சிலர் ஒதுக்குவார்கள். ஏறக்குறைய இதே வேலையைச் செய்யும் பழைய காலிபர் ஒன்று உண்டு: 1894-ல் ஸ்வீடனும் நார்வேயும் ராணுவத்துக்காக ஏற்ற 6.5×55. அதை வைத்து அங்கே தலைமுறை தலைமுறையாக மூஸ் வேட்டையாடுகிறார்கள். மூஸும் மான் இனம்தான், எல்க்கைவிடப் பெரியது.

இரண்டில் ஒன்றைச் சொல் என்றால் நான் 7எம்எம்-08 என்பேன். ஆனால் உங்கள் ஊர்க் கடையில் சிறிய கட்டையோடு 6.5 கிரீட்மூர் இருந்து, 7எம்எம்-08 தோட்டாவுக்கு அலைய வேண்டியிருந்தால், யோசிக்காமல் 6.5-ஐ எடுங்கள். அந்த வித்தியாசம் எல்க்குக்குத் தெரியாது. எதுவானாலும் ஸ்கோப்போடு 8 பவுண்டுக்குக் குறையாமல் பாருங்கள். மலை ஏறும்போது அந்தக் கூடுதல் எடை சுமைதான். சுடும்போது அதுவே உங்கள் தோளுக்குக் காப்பு. கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் மூன்றரை அங்குலமாவது இடைவெளி கிடைக்கும்படி பொருத்தச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் புருவம் கிழியும்.

காலிபரைவிடக் குண்டின் தரத்துக்குச் செலவு செய்யுங்கள். எல்க்குக்கு ஈயக் குண்டு என்றால் ஈயத்தை அதன் மேலுள்ள உலோக உறையோடு ஒட்டிப் பிணைத்ததாக இருக்க வேண்டும். உங்கள் வீட்டுக்கு நான் முழுச் செம்புக் குண்டையே சொல்வேன். ஈயக் குண்டு உள்ளே சிதறும்போது பறக்கும் துகள்கள் காயத்திலிருந்து வெகுதூரம் வரை இறைச்சியில் படிவதை எக்ஸ்ரேயில் பார்க்கலாம். மணலளவுகூட இல்லாத துகளை எந்தக் கத்தியாலும் வெட்டி எடுக்க முடியாது. குழந்தைகளின் ரத்தத்தில் ஈயம் இவ்வளவு இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது. செம்பு சிதறாது, ஆழமாகவும் போகும். அதனால் 120 கிரெயின் போதும். 8 பவுண்டு ரைஃபிளில் உதை 12-க்குக் கீழே இறங்கிவிடும்.

அக்டோபர் வரை

உரிமமும் மருத்துவரின் சம்மதமும் கிடைத்த பிறகு, முதல் ஒரு மாதம் 22 ரிம்ஃபயர் என்ற சிறிய தோட்டாத் துப்பாக்கியில் மட்டும் சுடுங்கள். உதையே இல்லாத துப்பாக்கியால்தான் ஃபிளின்ச்சை உடம்பிலிருந்து வெளியேற்ற முடியும். பிறகு வேட்டைத் தோட்டா, ஒரு நாளைக்குப் பத்து, பதினைந்துக்கு மேல் வேண்டாம். பெரியவரை மறுபடி கூட்டிக்கொள்ளுங்கள், அவருடைய முப்பது வருடம் இங்கே மிகவும் உதவும். உங்களுக்குத் தெரியாமல் தோட்டாக்களுக்கு நடுவே வெடிமருந்தில்லாத போலித் தோட்டாவை அவர் போட்டுக் கொடுக்கட்டும். வெடிக்காத அந்த முறை குழல்முனை கீழே குலுங்கினால் ஃபிளின்ச் இன்னும் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளலாம்.

மேசையில் சாய்ந்து சுடுவதைக் குறைத்துக்கொள்ளுங்கள். அப்படி உட்காரும்போது உடம்பு பின்னால் அசைய இடமில்லாமல் முழு உதையையும் தோளே வாங்குகிறது. உங்களைக் கன்ற வைத்ததில் அதற்கும் பங்கு இருக்கலாம். நின்றோ உட்கார்ந்தோ, ஊன்றுகோலில் துப்பாக்கியைத் தாங்கிச் சுட்டுப் பழகுங்கள். காட்டிலும் அப்படித்தான் சுடப்போகிறீர்கள். அந்த நிலையில் எட்டு அங்குலத் தட்டில் ஐந்துக்கு ஐந்து விழும் தூரம் எதுவோ, அதுதான் உங்கள் எல்லை. 150 கஜம் என்றால் 150. எல்க் 200-ல் நின்றால் தவழ்ந்து கிட்டே போங்கள், அல்லது விட்டுவிடுங்கள்.

அம்மா தொலைபேசியில் "மானைச் சுடப் போறியா?" என்று அழுததை எழுதியிருந்தீர்கள். அவர் கலங்குவதில் தப்பில்லை. நம் நாட்டில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மான் வேட்டை குற்றம், அது அப்படியே இருக்க வேண்டும். கொலராடோவிலோ மற்ற எந்த அமெரிக்க மாநிலத்தையும்விட அதிக எல்க் இருக்கிறது. பெண் எல்க்குக்கான ரைஃபிள் உரிமங்களில் பெரும்பாலானவற்றை மாநிலமே எண்ணிக் கொடுக்கிறது. ரைஃபிளுக்கும் தோட்டாவுக்கும் நீங்கள் கொடுக்கும் விலையில், உற்பத்தியாளர் விற்கும் விலைமேல் போடும் 11 சதவீத வரி ஒன்று சேர்ந்திருக்கிறது. 1937-ல் வந்த சட்டப்படி அது வனவிலங்குப் பாதுகாப்புக்குத்தான் போகிறது. இதை அவரிடம் நிதானமாகச் சொல்லிப் பாருங்கள். அவர் ஒப்புக்கொள்ளாவிட்டால் அதையும் மதித்து விட்டுவிடுங்கள்.

ரைஃபிள் பார்க்கக் கடைக்குப் போகும் நாளில், வெயில் எவ்வளவு அடித்தாலும், அக்டோபரில் மலையில் போடப்போகும் கனமான கோட்டையும் அதன்மேல் மாட்டும் ஆரஞ்சு அங்கியையும் எடுத்துப் போங்கள். அவற்றைப் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி ரைஃபிளைத் தோளுக்குத் தூக்குங்கள். கண்ணைத் திறந்ததும், கழுத்தை நீட்டாமல் ஸ்கோப்பின் முழு வட்டமும் தெரிந்தால் அந்தக் கட்டை உங்களுக்குச் சரி. கழுத்தை முன்னால் நீட்டினால்தான் முழு வட்டமும் தெரிகிறது என்றால் இன்னும் அரை அங்குலம் குட்டையான கட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.